தூக்குமேடை ஏறிய வைத்தியச்சி

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முடிச்சூரில் எங்கள் ஃபிளாட் ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் நிஜமாகவே அழுதேன்.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, காலில் பிளேட் வைத்து, மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்த சமயம். பொழுது போகட்டுமென்று தம்பி லேப்டாப்பில் ஒரு ஆன்லைன் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். ஒரு கோட்டை ஊர், ஆளுக்கொரு வேஷம். எல்லாரும் மைக்கில் தமிழிலேயே பேசி விளையாடுவோம். நான் வைத்தியச்சி. பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போனவள், அங்கே மூலிகை தேடிக் காடெல்லாம் சுற்றினேன். அந்த ஊரில் ஒரு விதி உண்டு. நம் வேஷம் செத்தால் செத்ததுதான், திரும்ப வராது.

ஒருநாள் கோட்டைக்கு வெளியே எதிரிப்படை வீரன் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் உள்ளே கொண்டுவந்து மருந்து போட்டேன். குணமானதும் அவன், எல்லாரும் அசந்த நேரம் பார்த்துக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். ஊரே எரிந்தது. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, கடை எல்லாம் போச்சு.

விசாரணை வைத்தார்கள். விளையாட்டை நடத்துகிறவரே நீதிபதி. பெரும்பாக்கத்தில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கடை எரிந்துபோன வியாபாரி முதலில் பேசினார். "துரோகி" என்றார். சரிதான், என் வைத்தியச்சி செய்தது துரோகம்தானே? ஆனால் பேசப் பேச அவர் குரல் மாறியது.

"காலை ஒடச்சிக்கினு வூட்ல கெடக்குற நொண்டிக்கு இன்னாத்துக்கு ஆட்டம்?"

எனக்குக் காதே அடைத்துவிட்டது. கால் விஷயத்தை ஒரு சிநேகிதத்தில் நான்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

நீதிபதி உடனே ஆட்டத்தை நிறுத்தினார். "அண்ணா, வைத்தியச்சியை நீங்க என்ன வேணா திட்டுங்க. ஆனா இவங்களைப் பேசக்கூடாது. இன்னிக்கு நீங்க வெளிய இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "அக்கா, கஷ்டமா இருந்தா சொல்லுங்க. விசாரணையை ரத்து பண்ணிடுறேன். கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

ஒரு வார்த்தை சொன்னால் வைத்தியச்சி பிழைத்துக்கொள்வாள். ஆனால் வீடு எரிந்த மற்றவர்கள் யாரும் என்னை ஒரு சொல் சொல்லாமல் காத்திருந்தார்கள். யாரோ ஒருத்தர் பேசிய பேச்சுக்காக இவர்கள் இழந்ததை ஒன்றுமில்லாமல் ஆக்குவதா?

"என்னைப் பேசினதுக்கு நீங்க கேட்டுட்டீங்க. அது போதும். வைத்தியச்சி செஞ்சதுக்கு அவதான் பதில் சொல்லணும். நடத்துங்க சார்" என்றேன்.

அவர் மறுபடி நீதிபதியின் கறாரான குரலுக்கு மாறினார். "காயம்பட்டவன் எந்த ஊர்க்காரன்னு பார்த்து நான் மருந்து போடறதில்லை" என்று வைத்தியச்சியாக வாதாடினேன். தீர்ப்பு தூக்குதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பதறிப்போய் என்ன ஆச்சு என்றார். "என்னைத் தூக்குல போட்டுட்டாங்க" என்றேன். ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "சரி, டீ போடட்டா?" என்றார். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

மறுநாள் அந்த வியாபாரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "மன்னிச்சுக்கோங்க அக்கா. கடை போன ஆத்திரத்துல, அந்தாண்ட இருக்கிறதும் ஒரு மனுஷின்னு மறந்துட்டேன்." எனக்கும் கோபம் ஆறிப்போயிருந்தது. பிறகு நான் நெசவுக்காரியாகப் புது வேஷத்தில் போனபோது, அவர் கடையில் நூலுக்கு ஒரு காசு குறைக்கவில்லை. நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டோம்.

இப்போது ஆபீஸில் யாராவது சொதப்பி, எனக்கு வாய்வரைக்கும் கடுஞ்சொல் வரும்போதெல்லாம் அந்த விசாரணை ஞாபகம் வருகிறது. நடந்த தப்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிவிட்டு, அந்த ஆள்மேல் கைவைக்காமல் நிறுத்திக்கொள்ள, முகம்கூடத் தெரியாத அந்த நீதிபதியிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.