ஒரகடத்தில் தேன்மொழியின் வடிகட்டி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஒரகடம் போய்வந்தேன். வேலூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. என்னோடு ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த தேன்மொழி, அங்கே ஒரு தொழிற்சாலையில் செல்போனுக்கான வடிகட்டிகள் செய்கிறாள். "மூணு மணிக்கு போன் கம்பெனிக்காரங்க பாக்க வராங்க. நீயும் வாயேன்" என்று கூப்பிட்டாள். ஆசையாக இருக்கிறது என்றேன். அந்த வடிகட்டி வேலை செய்யாமல் போவதைப் பார்க்கத்தான் ஆசை.

காலை 9.40-க்கு சென்னை பஸ் பிடித்தேன். ஸ்ரீபெரும்புதூர் நூறு கிலோமீட்டர் சொச்சம். 11.55-க்கு பைபாஸில் இறக்கிவிட்டார்கள். ஊரில் ரயில் நிலையம் கிடையாது, தேடாதீர்கள். அங்கிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய்.

"இன்டர்வியூவா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க. கூடப் படிச்சவங்களப் பாக்கப் போறேன்."

"இன்னாவா கீறாங்க?"

"டிபார்ட்மென்ட் ஹெட்."

"அப்ப உனுக்கும் ஒரு வேல சொல்லி வெக்கச் சொல்லு சார்."

சிரித்து வைத்தேன். நாற்பத்திரண்டு வயதில் அந்தப் பேச்சு எனக்குச் சிரிப்பாக இல்லை.

அவள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்போனுக்கு வந்து சேரும் ஆயிரம் அலைகளில் வேண்டிய அலையை மட்டும் உள்ளே விடுவது வடிகட்டி. அதற்குள் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு படலம், தனக்குரிய அலை வந்தால் மட்டும் அதிரும். சாதாரணப் படலம் எப்போதும் தயாராக இருப்பதால், அதை அணைக்கத் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும். பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் சேர்ந்த தேன்மொழியின் படலமோ பேட்டரி மின்சாரம் போலச் சீரான மின்னழுத்தம் கொடுத்தால்தான் அதிரும், எடுத்தால் அடங்கிவிடும். வடிகட்டியும் அதுவே, சுவிட்சும் அதுவே.

இந்தப் படலத்தை எங்கள் ஆய்வகத்தில் முதலில் கையில் எடுத்தவன் நான். என் படலங்கள் விரிசல் விட்டு வெடித்துக்கொண்டே இருந்தன. இரண்டு வருடத்தில் 'இது ஆகாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு தலைப்புக்கு மாறினேன். அவள் மாறவில்லை.

கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு 2.30-க்கு சோதனை அறைக்குப் போனோம். அங்கே சாந்தி அக்கா இருந்தார். பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர், ஒன்பது வருடமாக உற்பத்தி லைனில் இருக்கிறார். "நீங்கதான் இத மொதல்ல ஆரம்பிச்சவராமே சார்? மேடம் சொல்லிக்கினே இருப்பாங்க" என்றார். ஆரம்பித்துவிட்டு ஓடியவன் என்பதை மேடம் சொல்லவில்லை போலும். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு போன் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தேன்மொழி, படலம் பதித்த சில்லின் மேல் சோதனை ஊசிகளை இறக்கி, இருபது வோல்ட் வைத்தாள். திரையில் மேடுபோல ஒரு கோடு எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. சில்லை மாற்றினாள், ஊசியை மாற்றினாள். அப்படியேதான் இருந்தது.

என் நாற்காலி மேஜையின் பக்கவாட்டில் இருந்தது. சில்லுக்கு மின்னழுத்தம் கொண்டுபோகும் கறுப்பு ஒயர், மின்சாரப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து பாதி கழன்று நிற்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

நான் சொல்லவில்லை.

இப்போது சொல்லலாம், இதோ சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அவள் நெற்றி வியர்ப்பதைப் பார்த்தேன். என் படலம் வெடித்த நாட்களில் என் நெற்றியும் இப்படித்தானே வியர்த்தது என்று ஒரு திருப்தி. 3.20-க்கு வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள், வெளியே போனார்கள்.

பத்து நிமிடம் கழித்து சாந்தி அக்கா மேஜைக்குப் பின்னால் குனிந்தார். "மேடம்! ஒயரு கழண்டுகினு கீது!"

அழுத்திச் சொருகியதும் திரையில் மேடு எழும்பியது. வோல்ட்டை இறக்கினால் அடங்கியது, ஏற்றினால் மறுபடி எழும்பியது. அவ்வளவு சுத்தமான கோட்டை என் கையால் நான் ஒருநாளும் வரைந்ததில்லை. தேன்மொழி செருப்பைக்கூட மாட்டாமல் கார் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். ஒரு கார் போய்விட்டிருந்தது. மற்றதிலிருந்து ஒருவர் இறங்கி வந்து பார்த்தார். மற்ற இருவரும் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார். அதுவரை அந்த அறை வேறு டிபார்ட்மென்டுக்குப் போகிறது.

கேட் வரை வந்து வழியனுப்பினாள். "நீ பக்கத்துல இருந்ததாலதான் அழாம நின்னேன்" என்றாள். நான் பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னேன்.

மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போகிறவர்களுக்கு: அடையாள அட்டை கட்டாயம். செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஷிஃப்ட் மாறும் மூன்று மணியை ஒட்டிக் கிளம்பினால் சாலையில் நகர முடியாது. திரும்புவதற்கு 5.15-க்கு மேல் கிளம்புங்கள். இன்னொன்று, மேஜையில் ஏதாவது தவறாகக் கண்ணில் பட்டால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டு ஊர் திரும்பும் இரண்டே கால் மணி நேரம் மிக நீளமானது.

இந்தப் பதிவை வெளியிடும் முன் தேன்மொழிக்கு அனுப்பினேன். போடாதே என்றால் போடமாட்டேன் என்றும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "போடு. அந்த ஒயர, திருகி மாட்டுறதா மாத்திட்டோம். இனிமே கழலாது."

அதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை.