ஒரு மூட்டை மணிச்சத்துக்கு ஒரு பல்

அந்த மூட்டையை நான் வாங்கினேன் என்று சொல்ல முடியாது, பிடுங்கினேன். சம்பா நடவு நெருங்கிய நேரத்தில் காரைக்கால் முழுக்க டி.ஏ.பி. உரத்துக்குத் தட்டுப்பாடு. உரக்கடையின் ஷட்டர் பாதி ஏறியதுமே கூட்டம் உள்ளே பாய்ந்தது. யாருடைய முழங்கையோ என் விலாவில் இறங்கியது. என் முழங்கை ஒருவர் உதட்டைக் கிழித்தது. ரத்தம் என் சட்டையில் தெறித்தபோது மயக்கம் வந்தது அவருக்கல்ல, எனக்குத்தான். ஆனாலும் மூட்டையின் காதை விடவில்லை.

டி.ஏ.பி.யில் இருக்கும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அடியுரமாக விழாவிட்டால் வேர் ஓடாது, தூர் கட்டாது, குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று எனக்கு நானே பயம் காட்டிக்கொண்டிருந்தேன். “மாசச் சம்பளம் வாங்குறவரு எப்படிங்க நடுத்தெருவுக்கு வருவீங்க?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பயம்தான் குறையவில்லை.

குரும்பகரத்தில் என் வயல் மேலே, சித்தப்பா மகனுடையது கீழே. எங்கள் பக்கத்தில் வயலுக்கு வயல் தனி வடிகால் கிடையாது. மேல்வயல் நிரம்பினால், வரப்பில் வெட்டிய வாமடை வழியாகத் தண்ணீர் கீழ்வயலில் இறங்கி, அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகும்.

கடைசி உழவு முடித்து மூட்டை உரத்தையும் வீசிவிட்டு, நடவுக்கு ஆள் சொல்லியிருந்தேன். விடியும்போதே மழை வெளுத்து வாங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், வாமடையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டுவது தண்ணீராக எனக்குத் தெரியவில்லை. என் டி.ஏ.பி. கைவீசிக்கொண்டு பங்காளி வீட்டு விருந்துக்குப் போவதாகவே தெரிந்தது. மம்பட்டியால் சேற்றை அள்ளி வாமடையை அடைத்தேன்.

சித்தப்பா மகன் பாய்ந்து வந்தான். நட்ட நாற்று இன்னும் தலை நிமிராத வயல் அவனுடையது.

“தொறங்கண்ணே! தண்ணி ஏறி வரப்பு ஒடஞ்சா எம் பயிரு மண்ணுக்குள்ள போயிரும்!”

“போவட்டும்டா! என் உரத்துல நீ வெள்ளாம வைக்கலாம்னு பாக்குறியா?”

“ஒங்க உரத்த எவன் கேட்டான்? தொறய்யா!”

சொல்லிக்கொண்டே அடைப்பை மிதித்தான். மம்பட்டிக் காம்பை அவன் தோளில் இறக்கினேன். அடித்துப் பழக்கமில்லாத கை. காம்பு அவன் கைக்கே போய்ச் சேர்ந்தது. அதாலேயே என் கெண்டைக்காலில் ஒன்று வைத்தான். சேற்றில் விழுந்த என் மார்மேல் உட்கார்ந்து வாயில் குத்தினான். முன்பல் உடைந்தது. மீதிப் பற்களால் அவன் முன்கையைக் கடித்தேன். அவன் அலற, நானும் அலறினேன். கடித்தவன் ஏன் அலற வேண்டும் என்று இன்றுவரை புரியவில்லை. ரத்தமும் சேறுமாக உருண்டோம். ஏறி நின்ற தண்ணீர் வரப்பை அறுத்துக்கொண்டு அவன் நாற்றின்மேல் பாய்ந்தது.

வரப்பில் குடையோடு என் மனைவி கத்தினாள்: “மணிச்சத்து மண்ணோடதாங்க போவும்! அடிச்சிக்கிறதுன்னா ரோட்டுக்குப் போயி அடிச்சிக்குங்க! கலக்காதீங்க!”

வேளாண்மைக் கூட்டத்தில் சொன்ன விஷயம் அது. நான் போண்டாவுக்காகப் போயிருந்தேன், அவள் கேட்டிருக்கிறாள். மணிச்சத்து மண்துகளைக் கட்டிக்கொள்ளுமாம். தெளிந்த தண்ணீரோடு போவது கொஞ்சம், கலங்கிய தண்ணீரோடு போவதுதான் மிச்சமெல்லாம்.

தலையைத் தூக்கிப் பார்த்தோம். நாங்கள் உருண்ட இடமெல்லாம் கெட்டி டீ மாதிரி கலங்கி, உடைப்பு வழியாக அவன் வயலையும் தாண்டி வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. என் உரம் பங்காளிக்குக்கூட இல்லை, கடலுக்கு.

அவன் உடைப்பில் குறுக்கே படுத்துவிட்டான். நான் நொண்டிக்கொண்டே புல்லோடு மண்கட்டிகளை வெட்டி அவனைச் சுற்றி அடைத்தேன். ஒரு கட்டியை அவன் காதில் வைத்துச் சாத்தினேன், வேண்டுமென்றேதான். படுத்தபடியே அவன் என் வயிற்றில் உதைத்தான். உடைப்பு மூடியதும், வாமடையைத் திறந்து, மேல்தண்ணீர் மட்டும் வழியும்படி அதன் அடியை உயர்த்தினோம்.

அதன்பின் ஆளுக்கொரு பக்கம் அசையாமல் நின்றோம்.

“ஆடாதய்யா, கலங்குது.”

“நீதான்டா ஆடுற.”

“தெளியட்டும். வெட்டிப் பொதைக்கிறேன் ஒன்ன.”

என் கால்கள் நிற்காமல் நடுங்கின. வயலைக் கலக்கியது அந்த நடுக்கம்தான். வெகுநேரம் கழித்து, வாமடையில் தண்ணீர் தெளிந்து வழியத் தொடங்கியது. அவன் மம்பட்டியை எடுத்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“கண்ணத் தொறங்க,” என்றாள் மனைவி. “தம்பி அப்பவே நாத்த நிமித்தப் போயிட்டாரு.”