ஆக்ரா தாண்டாத எலி

பால்ய சிநேகிதன் பப்பி, மூக்கருகே இரண்டு விரல்களை மீசையாக வைத்துக்கொண்டு தன் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்குக் காது மடல் சுட்டது.

எழுபதுகளில் தில்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. குளிர்கால மதியங்களில் பஞ்சாபிப் பெண்கள் புல்தரையில் வெயில் காய்ந்தபடி ஸ்வெட்டர் பின்னுவார்கள். வேர்க்கடலைத் தோல் காலடியில் நொறுங்கும். பின்னத் தெரியாத என் அம்மா, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கதை சொல்வாள். ஊர் அரிசி மூட்டைக்குள் ஒளிந்து தில்லிக்கு ரயிலேறிய எலியின் கதை. இந்தி வார்த்தை கிடைக்காத இடத்தில் விரலை மீசையாக்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தவழ்ந்தே காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"போதும்மா, உள்ள வா."

"இருடா, எலி இன்னும் ஆக்ராவே தாண்டலை."

ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

"ஃபிர்?" என்று பேத்தி அடுத்ததைக் கேட்டாள். பப்பி என் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னான்: "அரே, மீதியை நீ சொல்லு. உங்க அம்மா கதைதானே?"

குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எலி தில்லி வந்து சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது.