அம்மாள் வந்து தங்கிய வீடு

என் மகளின் தோலில் வந்த சொறி கரப்பான் என்று தெரிந்ததும் நெடுந்தீவில் எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். இறால் தின்றால் கரப்பான், கணவாய் கரப்பான், நண்டு கரப்பான், கத்தரிக்காயும் கரப்பான். சுற்றிவரக் கடல் உள்ள ஊரில் பிள்ளை எதைத்தான் தின்பது என்று கேட்டதற்கு, எனக்கு வாய் கூடிவிட்டது என்றார்கள். அடுத்த வளவில் இருந்த மச்சாள், என் கணவரின் தமக்கை, அந்த வைத்தியர் கூட்டத்துக்குத் தலைவி.

பிள்ளைக்கு இரண்டு வயதாக இருந்தபோது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு டொக்டர் டியூப் மருந்து எழுதித் தந்தார். ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு, மெல்லிசாகப் பூசச் சொன்னார். முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் இருந்த சிவப்பு இரண்டு நாளில் மாயமானது. டொக்டர் சொன்ன அந்த ஒரு கிழமை எங்கள் வீட்டில் இரண்டு வருடம் ஓடியது. கணவர் நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் வள்ளத்தில் வரும்போது பாணோடு டியூப்பும் வாங்கி வருவார். மருந்துக்கடைக்காரர் ஒருநாளும் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை, அவ்வளவு மரியாதையான மனிதர். பிள்ளையின் கன்னம் வெளிறத் தொடங்கியதும் ஊருக்கு மருந்தின் அருமை விளங்கியது. கரப்பான் மாறிச் சுகமானதைவிட பிள்ளை வெள்ளையாக வருகிறாள் என்பதில்தான் மச்சாளுக்குப் புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. தன் முகத்துக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவார், வைத்தியர் கூலியாக்கும்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்க, வள்ளங்கள் நின்றன. கணவர் நகரத்தில் அகப்பட்டுக்கொண்டார். நான் டியூப்பைப் பிதுக்கினேன், உருட்டினேன், கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழித்தும் பூசினேன். அதுவும் முடிந்து சில நாட்களில் பிள்ளையின் முகம் நெருப்புப் பட்டதுபோலச் சிவந்தது. பிறகு கழுத்து, நெஞ்சு, முதுகு. முன்பு ஒருநாளும் கரப்பான் வராத இடமெல்லாம் எரிந்தது. நீர் கசிந்து சட்டை தோலோடு ஒட்டியது. எரியுது அம்மா, எரியுது என்று அழுவாள். விசிறிக்கொண்டு பக்கத்தில் இருப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

மச்சாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாசல் படலையில் நின்றே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மாளெல்லோ வந்திருக்கிறா. நீர் வாயை வச்சுக்கொண்டு சும்மா இரும்."

அம்மை நோய்க்கு வரும் காய்ச்சல் இல்லை, கொப்புளமும் இல்லையே என்றேன். அம்மாள் எந்த உருவத்தில் வருவா என்பதை என்னிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டுமா என்றார். நியாயம்தான். படலையில் வேப்பிலை ஏறியது. குசினியில் தாளிப்பு நின்றது, மீன் நின்றது. வருத்தம், நோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் சொல்லக்கூடாது. பக்கத்து வளவுப் பிள்ளைகளைத் தாய்மார் எங்கள் ஒழுங்கையால் நடக்கவே விடவில்லை.

மற்ற வீடுகளுக்கு வரும் அம்மாள் மூன்றாம் தண்ணீர் வார்த்ததும் மரியாதையாகப் புறப்பட்டுவிடுவார். எங்கள் அம்மாளுக்கு வீடு பிடித்துவிட்டது போலிருக்கிறது. மூன்று முறை வார்த்தும் அசையவில்லை. அப்படியென்றால் வீட்டில் ஆரோ பிழை செய்திருக்கிறார்கள் என்று மச்சாள் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் இருந்தே விசாரணை நடத்தினார். வெறும் சொதியும் சோறும் தின்று நானே அரைவாசியாகியிருந்தேன். களவாக மீன் தின்றேனா என்று கேட்டார்.

ஒருநாள் கணவர் மீன்பிடி வள்ளமொன்றில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பையை வாங்கி நான் முதலில் தேடியது டியூப்பைத்தான். இல்லை. மீன்பிடிக்காரர் ஒருவர் மூலம் பிள்ளையின் நிலையைக் கேள்விப்பட்டு, இந்த முறை மருந்துக்கடைக்காரரை விட்டுவிட்டு, ஒரு தோல் டொக்டரிடம் போயிருக்கிறார். இரண்டு வருடம் தாமதம், பரவாயில்லை. அவ்வளவு கடுமையான மருந்தைச் சின்னப்பிள்ளையின் முகத்தில் வருடக்கணக்காகப் பூசிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தோல் இப்படித்தான் கொந்தளிக்கும், ஆற மாதக்கணக்காகும் என்று டொக்டர் ஏசியிருக்கிறார். காயாமல் இருக்கப் பூசுவதற்கு வெறும் களிம்பும், தோல் பழுத்தால் விழுங்கக் கொடுப்பதற்குக் குளிசையும் தந்து, பிள்ளையை எப்படியாவது தன்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இவர் வகுப்பில் பாடம் சொல்வதுபோல இதையெல்லாம் சொல்லி முடித்தார். டொக்டர்மாருக்கு அம்மாளைப் பற்றி என்ன தெரியும் என்றார் மச்சாள்.

பாயில் கிடந்த பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, அப்ப அம்மாள் வரேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. அது மருந்தால வந்தது."

"அப்ப நான் ஒரு பிழையும் செய்யேல்லையோ?"

நாலு வயதுப் பிள்ளை. இவ்வளவு நாளும் எரிச்சலோடு இதையும் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

"நீ ஒரு பிழையும் செய்யேல்லை."

"அப்ப வேப்பிலையைக் கழட்டுங்கோ. பிள்ளையள் விளையாட வரட்டும்."

மச்சாள் பார்த்துக்கொண்டிருக்கவே போய்ப் பிடுங்கி எறிந்தேன். பிள்ளை எழும்பி வந்து படலையைப் பிடித்துக்கொண்டாள். ஒழுங்கையால் போனவர்கள் மற்றப் பக்கத்து மதிலோடு ஒதுங்கிப் போனார்கள். கழுத்தைச் சொறிந்து சொறிந்து, பொழுதுபடும்வரை அவள் அங்கேயே நின்றாள். ஒரு பிள்ளையும் வரவில்லை.