வேலிப் பொட்டுக்கு அங்கால் கேட்ட மேளம்

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கலியாணமாகி ஏழு மாதம். நான் நயினாதீவில், கணவர் தெற்கே ஒரு பட்டினத்தில், உறவினர் ஒருவரின் கடையில் வேலை. ஆண்டுக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நாள் லீவு. எங்கள் குடித்தனம் முழுவதும் அதற்குள்தான்.

அந்த முறை வரும்போது பற்றரியில் பாடும் சின்ன ரெக்கோட் பெட்டி ஒன்று கொண்டுவருவதாக எழுதியிருந்தார். கூடவே ஒரேயொரு இசைத்தட்டு. அதற்கு மேல் வாங்க அவருக்குக் கட்டாது. “எது வேணுமெண்டு நீரே சொல்லும்” என்று தெரிவை என் தலையில் போட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சினிமாப் பாட்டு என்று ஒரு கடிதம் போட்டேன். இல்லை, வீணை என்று இன்னொன்று. தபாற்காரர்தான் பாவம். கடைசியில் நாதஸ்வரம் என்று முடிவானது. காரணத்தை அவருக்கு மட்டும் எழுதினேன். கலியாணத்தன்று வெட்கத்தில் குனிந்த தலை நிமிரவேயில்லை. மேளகாரர் என்ன வாசித்தார்கள் என்று ஒரு துளியும் காதில் ஏறவில்லை. இன்னொரு முறை அவர் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும்.

வாங்குமுன்பே அயலெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறி, உப்புத்தண்ணீர் படாமல் பெட்டியைச் சால்வையால் மூடி மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்ந்தார். குளித்துச் சாப்பிட்டு, மூடியைத் திறக்கப் போகும் நேரம் பக்கத்து வளவில் ஓலம் கேட்டது. அந்த வீட்டு அக்காவின் கணவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தபடியே சரிந்து விழுந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதுகூட இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு செத்தவீடென்றால் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை, முப்பத்தொரு நாளும், அயலில் ரேடியோகூட வாய்திறக்காது. இசைத்தட்டு அலுமாரிக்குள் போனது. அந்த வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்தேன், கூடியிருந்து அழுதேன், எல்லாம் உண்மைதான். ஆனால் நாலாம் நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது மனதில் கிடந்தது வாய்வழியே வந்துவிட்டது.

“எனக்கெண்டு கிடைச்சது பத்தே பத்து நாள். அதுக்குள்ளயோ இந்த மனிசன் சாகவேணும்?”

தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த கணவர் பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். கிடுகுவேலி ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. அந்தப் பக்கம் யாரோ காய்ந்த ஓலையில் மிதித்து விலகிப்போவது கேட்டது. எட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதன் பிறகு சாப்பாட்டைக் கணவரிடமே கொடுத்தனுப்பினேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள், மத்தியானம். அடுத்த நாள் காலை லோஞ்சில் கணவர் போகிறார். அயலார் போகவர வேலியில் விட்டிருந்த சின்ன இடைவெளியில், பொட்டடியில், அந்த அக்கா வெள்ளைச் சேலையோடு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

“தங்கச்சி, அவர் நாளைக்குப் பயணமெல்லே?”

“ஓம் அக்கா.”

“அந்தத் தட்டைப் போட்டுக் கேளுங்கோவன். பத்து நாள்தானே எண்டு நீர் சொன்னது நியாயம்தான்.”

நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை, அழுகைதான் வந்தது. அக்கா என்னை அழவும் விடவில்லை.

“அழாதையும். தட்டு எப்ப வருகுது எண்டு எங்கட அவரும் நாளெண்ணிக்கொண்டு இருந்தவர். மேளமெண்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். வேலிக்கரையா வைச்சுப் போட்டியளெண்டால் எனக்கும் கேக்கும்.”

“இங்கால வாங்கோ அக்கா.”

“ஏலாது. பயணம் போற வீட்டுக்கு நான் வரக்கூடாது.”

கேட்டுக்கொண்டு நின்ற கணவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தார். பெட்டியைத் தூக்கினார், பொட்டுக்குள் குனிந்தார். “அப்ப நாங்கள் அங்கால வாறம்.”

அக்கா வீட்டு விறாந்தையில், சத்தத்தை நன்றாகக் குறைத்து, மூவரும் பெட்டியைச் சுற்றி இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை முழங்காலில் தாளம் போடத் தொடங்கியது. “எங்கட அவர் இப்பிடித்தான் போடுவார்” என்றார். அன்றும் என் தலை நிமிரவில்லை. ஆனால் இந்த முறை ஒரு சுரம்கூடத் தப்பாமல் காதில் ஏறியது.

ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கத்தையும் போடட்டோ என்று கணவர் கேட்டார்.

“வேண்டாம் தம்பி. அது நீங்கள் அடுத்தமுறை வரேக்க.”

ஆறு மாதம் கழித்து, அதே விறாந்தையில் அதையும் கேட்டோம்.

அண்மையில் பிள்ளைகள் கூடியிருந்து, வாழ்நாளில் மிகப் பிடித்த இசைத்தட்டு எது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெரிய வாக்குவாதம். என் முறை வந்தபோது யோசிக்காமல் அந்த நாதஸ்வரத் தட்டைச் சொன்னேன். அதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அந்த அக்காவிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? யார் வீட்டுத் துக்கமாவது என் நாளைக் குழப்பிவிட்டது என்று இன்றும் சலிப்பு வரும்போது, அவர் முழங்காலில் மெல்ல விழுந்த அந்தத் தாளம்தான் என் வாயைப் பொத்துகிறது.