மூட்டைக்குப் பழகிய நரிகள்

புளித்துப்போன பிரியாணியின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கண் பக்கத்தில் குழந்தை இருக்கிறதா என்று தேடும். கல்யாண மண்டபத்தின் பின்பக்கமாக நடக்கும்போதோ, வெயிலில் நிற்கும் குப்பை வண்டியைத் தாண்டும்போதோ, பக்கத்தில் எந்தப் பிள்ளை வந்தாலும் அதன் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கூட வருகிறவர்கள் அருவருப்பு என்று நினைப்பார்கள். அருவருப்பெல்லாம் இல்லை, பயம்.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரி ஓரத்தில் எங்கள் வீடு. அம்மா ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. பிடித்ததைப் போட, பனை ஓலைக் கூடையாக முடைந்த "பறி" ஒன்றுதான். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் துழாவிக்கொண்டிருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். ஆகவே ஏரியில் இருக்கும்வரை அவளுக்குப் பேச்சு கிடையாது. கரையில் இருக்கும் பிள்ளைகள் சும்மா சும்மா அம்மாவைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தால் பறி மிதந்து போகும், அன்றைய குழம்பும் அதோடு போகும்.

எப்போது ஏரியில் இறங்கலாம் என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொன்னவை நரிகள்தான். தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தால் அவை நண்டு வளைகளைத் தோண்ட வரும், வந்ததும் ஊளையிடும். "நரி கத்திச்சின்னா சேறு தெரியுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே அம்மா பாயைச் சுருட்டுவாள். நாங்கள் போய்ச் சேரும்போது வளைகளின் வாயில் புதிதாகக் கிளறிய சேறும் உடைந்த நண்டுக் கால்களும் கிடக்கும். ஆள் வாடை பட்டதுமே நரிகள் ஓடிவிடும். தூரத்தில் மறையும் வாலைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

அப்பா, நாங்கள் நைனா என்போம், நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்லாம் மாறியது. பஸ்ஸிலும் காரிலும் வருகிறவர்கள் பாதி தின்று பாதி வைத்துவிட்டுப் போகும் பிரியாணியையும் கோழி எலும்பையும் சாக்கிலும் பழைய துணியிலும் மூட்டையாகக் கட்டி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் ஏரியோரத்து வேலிக்காத்தான் புதரில் வீசிவிட்டு வர வேண்டும். வீசுகிற வேகத்தில் சில மூட்டைகள் முள்ளில் மாட்டித் தொங்கும். நரிகள் எம்பி அவற்றைக் கவ்வி இழுப்பதை நைனா வீட்டில் நடித்தே காட்டுவார். "வாயில்லாத ஜீவன், துன்னுட்டுப் போவட்டும். நான் கையைத் தூக்கினா போதும், கிட்ட வந்து நிக்குது" என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. ஓட்டலில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை, நரியாவது கேட்டதே. நண்டு வளைகளைச் சுற்றிக் கிளறல் குறைந்துகொண்டே வந்ததை அம்மா ஒருத்திதான் கவனித்தாள். "இன்னாடி இது, வளையெல்லாம் வச்சது வச்சபடி கீது" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குமேல் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் நைனா காய்ச்சலில் படுத்தார். அவர் போகாததால் புதருக்கு மூட்டை போகவில்லை. அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை நரிகள் கத்தின, வழக்கத்தைவிட அதிகமாக, விடாமல். "தண்ணி வத்திச்சிடி, எயிந்திரு" என்று அம்மா என்னை உலுக்கினாள். இன்னும் தவழாத தங்கை லச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் ஏரி நிறைய தண்ணீர், சேறே தெரியவில்லை. "நரி பொய் சொல்லுமா" என்று அம்மா நின்றுவிட்டாள். நரி பொய் சொல்லவில்லை. அது எங்களுக்காகக் கத்தவேயில்லை. நைனாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் நோயாளி, அடுப்பில் வைக்க ஒன்றும் கிடையாது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், ஏரிக்குள்ளே தள்ளி, ஆழம் குறைவாக இருக்கும் மேட்டுக்குப் போவதென்று அம்மா முடிவு செய்தாள். கரையோர வேலிக்காத்தான் கிளையில் தன் பழைய புடவையால் தூளி கட்டி, லச்சியைப் போட்டு, "அசையாம குந்து, கொழந்தையைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு, பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை, தண்ணீரில் கவிழ்த்துப் போட்ட சட்டி அளவுக்குத் தெரிந்தது.

வெயில் ஏறிய பிறகுதான் முதல் நரி புதரிலிருந்து வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் ஒன்று. முகத்தை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவேயில்லை; கிளையில் தொங்கிய தூளியைப் பார்த்தன. பழைய துணியில், முள்மரத்தில் தொங்கும் மூட்டை. சேற்றுக்கட்டி ஒன்றை எடுத்துக் கையை ஓங்கினேன். ஓட வேண்டியவை ஓடாமல் வாலைத் தாழ்த்தி என்னை நெருங்கி வந்தன. கட்டியை எறிந்தேன், அது விழுந்த இடத்துக்கு மூன்றும் பாய்ந்து போய் முகர்ந்தன, ஏமாந்தன, திரும்ப என் கையையே பார்த்தன. விரட்டினால் வரும் மிருகத்தை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சட்டத்தை மீறி "அம்மா" என்று கத்தினேன். தலை திரும்பவில்லை. மறுபடி மறுபடி கத்தினேன். கடைசியில் அவள் நிமிர்ந்தாள், வாயிலிருந்து பறி விழுந்தது, ஓடிவர ஆரம்பித்தாள். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் யார் ஓட முடியும்? அதற்குள் பெரிய நரி எம்பி, புடவையின் தொங்கலைக் கவ்வி இழுத்தது. தூளி ஆடியது. நான்தான் ஆட்டுகிறேன் என்று நினைத்து லச்சி உள்ளே சிரித்தாள்.

ஓடிப்போய்த் தூளியைக் கீழிருந்து கட்டிக்கொண்டேன். நரி ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, நைந்த புடவை நீளமாகக் கிழிந்து, குழந்தை என் மடியில் விழுந்தாள். நரியின் மூச்சு என் முழங்காலில் பட்டது, அதே புளித்த வாடை. லச்சி வீறிட்டு அழுதாள். உடனே மூன்றும் பின்வாங்கின. மூட்டை அழுது அவை பார்த்ததில்லை. அம்மா சேறும் தண்ணீருமாக வந்து எங்கள்மேல் விழும்வரை அவை தள்ளி உட்கார்ந்து காத்துக்கொண்டுதான் இருந்தன.

கிழிந்த புடவையை நைனா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். "என் மூட்டைன்னு நெனச்சிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த ஓட்டலுக்குப் போகவில்லை. வேறு ஆள் போனான், மூட்டையும் புதருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இப்போது அம்மா நரிச் சத்தத்தை நம்பி இறங்குவதில்லை. இருட்டில் நடந்துபோய்க் காலை விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். வளை வாயில் கிளறிய சேற்றை நான் கண்டு எத்தனையோ வருஷமாயிற்று. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது, கல்லூரியில் படிக்கும் லச்சியோடு ஏரிக்கரைக்குப் போனேன். என் கையில் சாப்பாட்டுப் பை. பட்டப்பகலில் புதரோரம் ஒரு குட்டி நரி உட்கார்ந்திருந்தது, விலா எலும்பு தெரிய. அதன் முன்காலை உரசிக்கொண்டு ஒரு நண்டு போனது. அது குனிந்துகூடப் பார்க்கவில்லை; என் பையையே பார்த்தது.

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "இன்னாக்கா, நரிக்குட்டிக்குப் போய் இப்படி வேர்க்குது உனக்கு" என்று சிரித்த லச்சி, அதை விரட்டக் கையை ஓங்கினாள். குட்டி எழுந்து, வாலைத் தாழ்த்திக்கொண்டு, அவளிடம் வந்தது.