எக்ஸ்ரே பாய் நஜீமுதீன்

பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசியைத் தின்று இருமிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் நெஞ்சைப் படம் பிடித்தவர் நஜீமுதீன். எண்பத்தொன்றில் லிங்கசாமி டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்தார். 'எக்ஸ்ரே பாய்' என்றால் திருப்பூரில் வழி சொல்லுவார்கள். கதிரைத் தடுக்க அங்கிருந்த ஒரே ஈய மேலங்கி கிழிந்துபோனது. டாக்டர் வேறு வாங்கவில்லை. குழந்தை அடம்பிடித்தால், ஆயாவைப் பொத்தான் அமுக்கச் சொல்லிவிட்டு இவரே பிடித்துக்கொண்டு நிற்பார். உடம்பில் எவ்வளவு கதிர் ஏறுகிறது என்று காட்டும் பேட்ஜை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில். அவர் மனைவி முனவர் பேகம் நேரே லிங்கசாமியிடம் போனாள்.

"ஏனுங்க டாக்டர், உங்க மெஷின்ல இருந்துதானுங்க வந்திருக்கும்?"

"துளியூண்டு கதிரும்மா அது. சாயத்தண்ணி கலந்த கிணத்துல குடிக்கறீங்க, அதுல வந்திருக்கும்."

கோயமுத்தூரில் சாரதாமணி என்ற டாக்டர், எக்ஸ்ரே வேலைக்காரர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். முனவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பி கைருதீனின் மொபெட்டில் உட்கார்ந்து சோமனூர், பல்லடம், பொங்கலூர் என்று அலைந்து, முதலாளிக்குப் பயந்த எக்ஸ்ரேக்காரர்களைக்கூடக் கெஞ்சி, சோதனைக்கு ரத்தம் கொடுக்கக் கூட்டிவந்தாள்.

மறு வருஷம் சாரதாமணி அவளை உட்காரவைத்துச் சொன்னார். "அணுகுண்டு விழுந்த ஊர்ல நெறையக் கதிர் பட்டவங்களை எண்ணி, கொஞ்சமாப் பட்டா கொஞ்சம் ஆபத்துன்னு ஒரு கணக்குப் போட்டிருக்காங்க. அது சரியான்னு சோதிக்க லட்சக்கணக்குல ஆளு வேணும். யாரு எவ்வளவு வாங்கினாங்கன்னும் தெரியணும். கதிரே படாதவங்களுக்கும் இது வருதும்மா. அதுக்கு மேல கூடுனது எத்தனைன்னு நாப்பது பேரை வெச்சுப் பிரிக்க முடியாது. பேட்ஜும் ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப மெஷினால வரலைங்கறீங்களா?"

"வரலைன்னும் சொல்ல முடியாதும்மா."

இந்தப் பதில் பாதியாகத்தான் திருப்பூர் வந்து சேர்ந்தது. "பார்த்தியா, ஆராய்ச்சியிலேயே நிரூபணம் ஆகலை" என்றார் லிங்கசாமி.

"எண்ண முடியலைன்னுதானுங்க சொன்னாங்க. எண்ணறதுக்குப் பேட்ஜ் குடுக்காதது நீங்கதானுங்க."

அவர் அடுத்த நோயாளிக்கு மணியடித்தார்.

தொண்ணூற்றைந்து நோன்பு மாதத்தில் நஜீமுதீன் மௌத்தானார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் லிங்கசாமியிடமிருந்து ஆள் வந்தது: எக்ஸ்ரே ரூம் காலியாக இருக்கிறது, கைருதீன் வரட்டும். சோமனூரில் அவன் ஓட்டிய தறி நின்று மாதக்கணக்காகியிருந்தது.

"போகாதே கண்ணு" என்றாள் முனவர்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுதான் நிரூபணம் ஆகலையே அக்கா."

மறுநாளே வேலையில் சேர்ந்தான். இப்போதும் அவன் ஊட்டுக்கு வந்தால் முனவர் சோறு போடுவாள். பேச மாட்டாள்.